பனிமலைக்கு அளித்த வாக்குறுதி

முன்பனி, பின்பனி என்று ஆண்டில் இரு பருவங்களைப் பனியின் பெயராலேயே வகுத்துக்கொண்ட மொழி நம்முடையது. ஆயினும் நாம் கண்ட பனியெல்லாம் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளிதான். உதகையின் புல்வெளியைச் சில இரவுகளில் வெளுக்கச் செய்யும் உறைபனிக்கு அப்பால் நம் அனுபவம் செல்வதில்லை. தானியேல் நூலின் இணைப்புப் பகுதியில், தீச்சூளையின் நடுவே நின்று இளைஞர் மூவர் பாடிய புகழ்ப்பாவை ஞாயிறு காலைச் செபத்தில் சொல்வோர் நம்மிடையே உண்டு. குளிரும் உறைபனியும் வெண்பனியும் ஆண்டவரைப் போற்ற அழைக்கப்படும் இடத்தை அவர்களும் வேகமாகவே கடந்துவிடுகின்றனர். ஆனால் அந்தப் பாடலில் கதிரவனுக்கும் கடல்வாழ் உயிர்களுக்கும் பறவைகளுக்கும் உள்ள அதே இடம் பனிக்கும் உண்டு. அதுவும் படைப்பு.

அந்தப் படைப்பை மனிதர் விளையாட்டுத் தளமாக்கிய வரலாறு நூறாண்டுகளைக் கடந்துவிட்டது. முதல் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகள் 1924-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ஷாமொனி என்னும் மலையூரில் நடந்தன. அன்று மலை எப்படி இருந்ததோ அப்படியே அதை ஏற்றுக்கொண்டு வீரர்கள் சறுக்கினார்கள். நாளடைவில் விளையாட்டு பெரிதாயிற்று. சரிவுச் சறுக்குப் போட்டிக்கு இத்தனை மீட்டர் உயர வேறுபாடு வேண்டும், பார்வையாளருக்கு இத்தனை அகலச் சாலை வேண்டும், தொலைக்காட்சிக்கு இன்ன நேரம் வேண்டும் என்று விதிகள் பெருகின. மலைக்கேற்ப விளையாட்டு என்பது மாறி, விளையாட்டுக்கேற்ப மலை என்றாயிற்று.

இந்தத் திருப்பத்தைக் காட்டும் காட்சி ஒன்று 1964-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் அரங்கேறியது. அவ்வாண்டு பனி பெய்ய மறுத்தது. ஒலிம்பிக் நாள் குறித்தாகிவிட்டது. விருந்தினரும் வரத் தொடங்கினர். ஆஸ்திரிய இராணுவம் உயர்மலைகளிலிருந்து 20,000 பனிக்கட்டிப் பாளங்களை வெட்டியெடுத்துச் சறுக்குவண்டித் தடங்களுக்குக் கொண்டுவந்தது. 40,000 கன மீட்டர் பனியைச் சுமந்து வந்து சரிவுகளில் பரப்பியது. விளையாட்டுகள் குறித்தபடி நடந்தேறின, உலகம் கைதட்டியது. வானம் தராததை மனிதன் சுமந்து வந்து நிறைவு செய்வது வெற்றியா, எச்சரிக்கையா என்று அன்று கேட்டவர் மிகச் சிலரே.

கேள்வி எழத் தொடங்கியது அதற்கு ஈராண்டுகள் கழித்து. 1972-ஆம் ஆண்டு விளையாட்டுகளுக்கான நகரைத் தேர்ந்தெடுக்க 1966-ஆம் ஆண்டு உரோமையில் ஒலிம்பிக் குழு கூடியபோது, கனடாவின் பான்ஃப் நகரும் போட்டியில் இருந்தது. அந்நகர் தேசியப் பூங்காவுக்குள் அமைந்திருந்ததால் அந்நாட்டின் இயற்கைப் பாதுகாவலரே அதை எதிர்த்தனர். வாய்ப்பு ஜப்பானின் சப்போரோவுக்குச் சென்றது. வேடிக்கை என்னவென்றால், சப்போரோவில் சரிவுச் சறுக்குக்குத் தேவையான உயரம் கொண்ட எனிவா மலையும் ஒரு தேசியப் பூங்காவுக்குள்தான் இருந்தது. ஜப்பானிய இயற்கை ஆர்வலர் விடவில்லை. முடிவில் ஒரு நிபந்தனையோடு அனுமதி வழங்கப்பட்டது: விளையாட்டு முடிந்ததும் கம்பிவட ஊர்திகளும் கட்டடங்களும் முழுமையாக அகற்றப்பட்டு, வெட்டிய இடத்தில் மரம் நடப்பட வேண்டும். அவ்வாறே செய்யப்பட்டது. சில நாள் பந்தயத்துக்காகத் திறந்த காட்டை மீண்டும் மூடினார்கள். வடு உடனே ஆறவில்லை. குளிர்நாட்டு மரம் மெல்ல வளர்வது. ஆயினும் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது. இதைப் பெரிதாக எழுதிய வரலாற்றாசிரியர்கள் அதிகமில்லை. குளிர்கால விளையாட்டுகளின் வரலாற்றில் பதக்கங்களுக்கு நிகராக வைத்து எண்ணத்தக்க செயல் அது என்பது என் கருத்து.

அதே 1972-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இன்னும் வியப்பான ஒன்று நிகழ்ந்தது. 1976-ஆம் ஆண்டு விளையாட்டுகள் 1970-இலேயே அம்மாநிலத் தலைநகர் டென்வருக்கு வழங்கப்பட்டிருந்தன. முதலில் மக்கள் மகிழ்ந்தனர். பின்னர் வரைபடங்கள் வெளிவந்தன. எவர்கிரீன் என்னும் மலையடிவார ஊரினூடே பந்தயத் தடங்கள் செல்லவிருந்ததை அவ்வூரார் கண்டனர். செலவும் ஏறிக்கொண்டே போயிற்று. ரிச்சர்ட் லாம் என்னும் இளம் சட்டமன்ற உறுப்பினரும் அவரோடு சேர்ந்த குடிமக்களும் கையொப்பம் திரட்டி, மாநில நிதியை இதற்குச் செலவிடலாமா என்ற கேள்வியை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தனர். வாக்களித்தோரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் கூடாது என்றனர். வழங்கப்பட்ட ஒலிம்பிக்கை மக்களின் வாக்கினால் திருப்பிக் கொடுத்த நகரம் டென்வர் ஒன்றே. விளையாட்டுகள் மீண்டும் இன்ஸ்புரூக்குக்குப் போயின. லாம் 1975-ஆம் ஆண்டு அம்மாநில ஆளுநர் பதவி ஏற்றார்; பன்னிரண்டு ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார்.

1980-ஆம் ஆண்டு லேக் பிளாசிட் நகரில் எந்திரங்கள் தயாரித்த செயற்கைப் பனி முதன்முறையாக ஒலிம்பிக்கில் பயன்பட்டது. இனி இராணுவம் பனி சுமக்க வேண்டியதில்லை. நீரும் மின்சாரமும் இருந்தால் போதும். அந்த நீர் எந்த ஓடையிலிருந்து வருகிறது என்பது பின்னால் எழுந்த கேள்வி.

நாம் நின்று நோக்க வேண்டிய காலம் இதன்பின் வருகிறது. 1979-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சூழலியல் பணியாளரின் பாதுகாவலராக அறிவித்தார். 1987-ஆம் ஆண்டு நார்வே நாட்டுப் பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் அம்மையாரின் தலைமையில் ஐக்கிய நாடுகள் அவை அமைத்த ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. நீடித்த வளர்ச்சி என்ற சொல்லை உலகெங்கும் பரப்பியது அவ்வறிக்கையே. நம் தேவையை நிறைவு செய்யும்போது நம் பேரப்பிள்ளைகளின் தேவைக்கு உரியதை உண்டுவிடக் கூடாது என்பது அதன் சாரம். 1990-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், உலக அமைதி நாள் செய்தியில் திருத்தந்தை, படைத்தவரோடு கொள்ளும் அமைதியையும் படைப்பனைத்தோடும் கொள்ளும் அமைதியையும் ஒரே மூச்சில் பேசினார். சுற்றுச்சூழல் நெருக்கடி அடிப்படையில் ஓர் ஒழுக்கப் பிரச்சினை என்பதைத் திருச்சபையின் உச்சியிலிருந்து உரைத்தார்.

இத்திருத்தந்தை பனிச்சறுக்கில் வல்லவர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். போலந்தின் தாத்ரா மலைகளில் இளமை முதல் சறுக்கியவர். 1984-ஆம் ஆண்டு இத்தாலியின் அதமெல்லோ மலையில், குடியரசுத் தலைவர் பெர்த்தினி உடனிருக்க, சறுக்கி மகிழ்ந்தவர். ஆகவே மலையில் விளையாடுவதே பாவம் என்று சொல்லும் கடுந்துறவியின் குரலன்று அது. மலையை நேசித்து அதில் விளையாடியவரின் குரல்.

காற்று இப்படி வீசிக்கொண்டிருந்தபோதுதான் 1992-ஆம் ஆண்டு பிரான்சின் அல்பெர்வில் விளையாட்டுகள் நடந்தன. அதற்கு மூன்று மாதங்கள் முன்பு, 1991 நவம்பரில், ஆல்ப்ஸ் மலைகளைக் காப்பதற்கான உடன்படிக்கையில் பிரான்சு உள்ளிட்ட ஆல்ப்ஸ் நாடுகள் சால்ஸ்பர்க் நகரில் கையொப்பமிட்டிருந்தன. அல்பெர்விலில் நடந்ததோ மறுபக்கம். 57 போட்டிகளில் 18 மட்டுமே அந்நகரில் நடந்தன. மற்றவை சாவோய் மலைநாட்டின் ஊர்கள் பலவற்றில் சிதறின. ஒவ்வோர் ஊருக்கும் சாலை, வாகன நிறுத்தம், அரங்கு, விடுதி என்று காடும் சரிவும் வெட்டப்பட்டன. தொடக்க விழா நாளன்றே சூழல் ஆர்வலர்கள் அந்நகரில் எதிர்ப்பு ஊர்வலம் நடத்தினர். ஒலிம்பிக் குழுவுக்கு அது பெருத்த தலைக்குனிவு.

அந்தத் தலைக்குனிவின் மறுபக்கமாகத்தான் நார்வேயின் லில்லெஹாமர் பேசப்படுகிறது. கோடைக்கால விளையாட்டுகளும் குளிர்கால விளையாட்டுகளும் ஒரே ஆண்டில் வராதபடி முறை மாற்றப்பட்டதால், இரண்டே ஆண்டுகளில் அடுத்த விளையாட்டுகள் வந்தன: 1994 பெப்ரவரி 12 முதல் 27 வரை. ஏறத்தாழ 23,000 பேர் வாழும் சிற்றூர் அது. நார்வேயின் மிகப் பெரிய ஏரியான மியோசாவின் வடமுனையில் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு சியோல் நகரில் அதற்கு வாய்ப்பு வழங்கப்பட்டபோது, புருண்ட்லாண்ட் அம்மையாரே நேரில் சென்று ஆதரவு திரட்டியிருந்தார்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். பிற்காலத்தார் எழுதும்போது, சூழலியல் அறிக்கை தந்த பிரதமரின் நாடு ஆகையால் விளையாட்டுகளும் இயல்பாகவே பசுமையாக அமைந்தன என்பதுபோல் எழுதிவிடுகிறார்கள். உண்மை அதுவன்று. லில்லெஹாமர் வாய்ப்பைக் கேட்டதன் முதல் நோக்கம், தளர்ந்துகொண்டிருந்த உள்நாட்டுப் பகுதிக்குப் பிழைப்பும் பெயரும் தேடுவதே. பசுமை பின்னால் வந்தது; ஒரு சண்டையின் வழியாக வந்தது.

சண்டை ஒரு சதுப்பு நிலத்தைப் பற்றியது. விரைவுச் சறுக்குப் போட்டிக்கான அரங்கை, ஏரிக்கரையின் மற்றோர் ஊரான ஹாமரில் கட்டத் தீர்மானித்தார்கள். கவிழ்த்து வைத்த பழைய வைக்கிங் கப்பலைப் போன்ற கூரை. பலகைகளை ஒட்டி இறுக்கிச் செய்த பெரிய மரவளைவுகள் தாங்கும் கட்டடம். அழகுதான். ஆனால் அதற்குக் குறித்த இடம் ஓகெர்ஸ்விகா என்னும் நீர்நிலையின் விளிம்பு. வலசை வரும் வாத்துகளும் கரைப்பறவைகளும் வடக்கே போகும் வழியில் இறங்கி இளைப்பாறும் அவ்விடம் 1974-ஆம் ஆண்டு முதல் காப்பிடமாக இருந்து வந்தது. ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் நார்வே சேர்த்த முதல் இடமும் அதுவே. (நம் கோடியக்கரை அப்பட்டியலில் 2002-இலும், வேடந்தாங்கல் 2022-இலும் சேர்ந்தன என்று சொன்னால் அதன் மதிப்பு விளங்கும்.) உலகுக்கே நீடித்த வளர்ச்சியைப் போதித்த நாடு, தன் முதல் பறவைக் காப்பிடத்தின் ஓரத்தில் விளையாட்டு அரங்கு கட்டுவதா என்று இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் எழுந்தன. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் வரவிருந்தனர். பிரதமரின் பெயரும் அடிபட்டது. அரங்கின் இருப்பிடம் மாற்றியமைக்கப்பட்டது. நீரின் விளிம்பிலிருந்து கட்டடம் விலகியது.

விலகியது சிறு தூரமே. ஆனால் அந்தச் சிறு தூரம் பலவற்றை மாற்றிவிட்டது. வீதியில் நின்று எதிர்த்தவர்களை ஏற்பாட்டுக் குழுவினர் மேசைக்கு அழைத்தார்கள். சூழல் என்பது விளையாட்டுகளின் நோக்கங்களுள் ஒன்றாக எழுதப்பட்டது. அரசும் நகராட்சியும் ஏற்பாட்டுக் குழுவும் பாதுகாப்பு அமைப்புகளும் கூடிப் பேசும் வழக்கம் ஏற்பட்டது. பாதுகாப்பு அமைப்புகள் வெறும் ஆலோசகராக இருந்திருந்தால் அவர்களது பரிந்துரைகள் இழுப்பறைக்குள் உறங்கியிருக்கும். மறுபடியும் வீதிக்குப் போவார்கள் என்ற அச்சம் ஏற்பாட்டாளருக்கு இருந்தமையால்தான் அவை ஒப்பந்த வாசகங்களாயின.

ஒப்பந்த வாசகம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஹூண்டர்ஃபோசன் என்னும் இடத்தில் பாப்ஸ்லெட் என்ற சறுக்குவண்டிக்கான தடத்தைக் காட்டுக்குள் கட்ட வேண்டியிருந்தது. நிற்க வேண்டிய மரங்கள் அடையாளமிடப்பட்டன. அனுமதியின்றி மரத்தைச் சிதைத்தால் கட்டுமான நிறுவனம் தண்டம் கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதப்பட்டது. காட்டின்மீது அன்பு கொள்ளும்படி எந்திர ஓட்டுநருக்கு அறிவுரை கூறுவது எளிது. மரத்துக்கு விலை குறித்துவிட்டால் எந்திரம் தானே விலகிச் செல்கிறது. ஒழுக்கநெறிப் போதனையில் ஊறிய நமக்கு இது சற்றே கசப்பாக இருக்கலாம். ஆனால் பயன் கண்கூடு. தாண்டுமேடைகளும் மலைச்சரிவின் இயல்பான வடிவத்தின் மேலேயே படிந்தாற்போல் அமைக்கப்பட்டன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு மலையின் கோடு முறியாமல் தெரிந்தது.

யோவிக் என்னும் ஊரில் இன்னும் துணிவான காரியம் செய்தார்கள். பனித்தள ஹாக்கி அரங்கை ஊரின் நடுவே எழுப்பினால் பழைய ஊரின் தோற்றம் கெடும். ஆகவே அதை மலைக்குள்ளேயே குடைந்தார்கள். 140,000 கன மீட்டர் பாறையைத் தகர்த்து வெளியேற்றிய பின், 61 மீட்டர் அகலமும் 91 மீட்டர் நீளமும் 25 மீட்டர் உயரமும் கொண்ட குகை உருவாயிற்று. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனுள் அமரலாம். நம் மாமல்லபுரத்துச் சிற்பியர் மலையைக் குடைந்து இறைவனுக்கு இல்லம் சமைத்தனர். இவர்கள் விளையாட்டுக்குச் சமைத்தார்கள். பாறைக்குள் வெப்பநிலை ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால், குளிரூட்டவும் சூடேற்றவும் ஆகும் செலவு குறைந்தது. குகையின் வாயிலைத் தவிர வெளியே வேறொன்றும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மற்ற சிறு ஏற்பாடுகளும் பேசப்பட்டன. உருளைக்கிழங்கு மாவுப் பொருளிலிருந்து செய்த தட்டுகளில் உணவு பரிமாறப்பட்டது. பின்னர் அவை எருவாக மட்கக்கூடியவை. வாழையிலையில் உண்டு எழுந்து அதை மாட்டுக்கு இடும் நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் நெகிழித் தட்டுகளுக்குப் பழகிவிட்ட ஐரோப்பியருக்கு அது செய்தி. பதக்கங்களில் அந்நாட்டுப் பாறைக்கல்லையே பதித்தார்கள். செய்தித்தாள்கள் விரும்பிப் படம்பிடித்தவை இவையே. தட்டுகளைவிடச் சதுப்பு நிலம் முக்கியம் என்பதை வாசகர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

குறைகளும் இருந்தன. முதலில் எண்ணியதற்குப் பன்மடங்காகச் செலவு உயர்ந்தது. கூட்டம் கலைந்த பின், நம்பிக் கட்டிய தங்கும் விடுதிகள் சில நொடித்தன. 67 நாட்டு அணிகளையும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பார்வையாளரையும் ஒரு மலைப்பள்ளத்தாக்குக்குள் இரு வாரங்கள் அடைப்பது இயற்கைக்கு இலேசான காரியமன்று. எந்தத் தட்டில் உணவிட்டாலும் அவர்கள் வந்தது விமானங்களிலும் பேருந்துகளிலும்தான்.

ஆயினும் லில்லெஹாமரின் பெயர் பரவிற்று. அதே 1994-ஆம் ஆண்டு பாரிசில் கூடிய ஒலிம்பிக் நூற்றாண்டு மாநாடு, விளையாட்டு, பண்பாடு இவற்றோடு சுற்றுச்சூழலையும் ஒலிம்பிக் இயக்கத்தின் மூன்றாவது தூணாக ஏற்றது. 1995-இல் அதற்கென ஓர் ஆணையம், 1996-இல் சாசனத் திருத்தம், 1999-இல் செயல்திட்டம் என்று தாள்கள் வந்தன. 1998-ஆம் ஆண்டு ஜப்பானின் நாகானோ விளையாட்டுகளில் அதன் தாக்கம் ஓரளவு தெரிந்தது. ஒரு வேட்டைப்பறவையின் கூடு இருந்ததால் துப்பாக்கிச் சறுக்குப் போட்டியின் இடத்தையே வேறு ஊருக்கு மாற்றினார்கள். சரிவுச் சறுக்கின் தொடக்கப் புள்ளியைத் தேசியப் பூங்காவின் உயர்காப்புப் பகுதிக்குள் உயர்த்தலாகாது என்று நாகானோ ஏற்பாட்டாளர்கள் பல ஆண்டுகள் பிடிவாதம் பிடித்தனர். அவர்கள் சொன்னது 1,680 மீட்டர். பன்னாட்டுச் சறுக்குக் கூட்டமைப்பு கேட்டது 1,800. முடிவில் நின்றது 1,765. மலைக்கும் விளையாட்டுக்கும் இடையே மீட்டர் கணக்கில் நடந்த இந்தப் பேரம் எனக்கு எந்தச் சாசனத்தைவிடவும் நேர்மையாகத் தோன்றுகிறது.

அதன்பின் சொல் வளர்ந்தது, சண்டை குறைந்தது. 2014-ஆம் ஆண்டு இரஷ்யாவின் சோச்சி விளையாட்டுகளும் பசுமை விளையாட்டுகள் என்றே அறிவிக்கப்பட்டன. தேசியப் பூங்காவுக்குள் அரங்குகள் எழ வேண்டியிருந்ததால், முன்னரே சட்டம் திருத்தப்பட்டு வழி திறக்கப்பட்டது. கடற்கரையையும் மலையையும் இணைத்த சாலையும் இருப்புப்பாதையும் மிசிம்தா ஆற்றின் பள்ளத்தாக்கை நெடுகச் சிதைத்தன. இவற்றை அம்பலப்படுத்திய எவ்கேனி வித்தீஷ்கோ என்னும் நிலவியலாளர், ஒரு வேலியைச் சேதப்படுத்திய பழைய வழக்கில், விளையாட்டுகள் நடந்துகொண்டிருந்த அதே மாதத்தில் மூன்றாண்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். ஹாமரில் எதிர்த்தவர் மேசைக்கு அழைக்கப்பட்டார். சோச்சியில் எதிர்த்தவர் சிறைக்கு. இரண்டு விளையாட்டுகளின் அறிவிப்பிலும் ஒரே சொல்தான் இருந்தது.

2018-ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங் விளையாட்டுகளுக்காகக் கரிவாங் மலையின் காப்புக்காட்டில் சறுக்குத்தடம் வெட்டினார்கள். அரசர் காலம் முதல் காக்கப்பட்டு வந்ததாகச் சொல்லப்படும் காடு அது. பல்லாயிரம் மரங்கள் வீழ்ந்தன. முடிந்ததும் காட்டை மீட்டுத் தருவோம் என்று வாக்களித்தார்கள். சப்போரோவில் அளித்த அதே வாக்கு. விளையாட்டு முடிந்தது. கம்பிவட ஊர்தியை அகற்றக் கூடாது, அது சுற்றுலாவுக்கு உதவும் என்று உள்ளூர் மக்களே கோரினார்கள். அவர்களைக் குறை சொல்வதும் எளிதன்று. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு நலிந்த மாவட்டம் அது. 2021-இல் அரசு இறங்கிவந்தது. 2023-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்த ஊர்தி சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மலையேறத் தொடங்கிற்று.

இதற்கிடையில் ஐரோப்பாவின் மலைநாட்டு மக்கள் டென்வரின் பாடத்தை மீண்டும் படித்தார்கள். 2013-இல் சுவிட்சர்லாந்தின் கிரௌபுண்டன் மாநிலத்தாரும் ஜெர்மனியின் மியூனிக் வட்டாரத்தாரும் வாக்கெடுப்பில் ஒலிம்பிக்கை மறுத்தனர். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பேராயராக இருந்த கிராக்கோவ் நகரமும் 2022-ஆம் ஆண்டு வாய்ப்புக்கு முயன்றது. அவர் 1997 சூன் மாதம் சறுக்குத் தாண்டுமேடையின் அடிவாரத்தில் பலிபூசை நிறைவேற்றிய சக்கோபானே மலையூரும் அத்திட்டத்தில் இருந்தது. 2014 மே மாதம் நகர மக்களிடம் கேட்டபோது ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். இன்ஸ்புரூக்கும் 2017-இல் வேண்டாம் என்றது. இருமுறை உலகை வரவேற்ற ஊர் அது. 2018-இல் கனடாவின் கால்கரி நகரும் மறுத்தது.

மறுக்க முடிந்தவர்கள் மறுத்தபோது என்ன நேர்ந்தது? 2022-க்கான போட்டியில் இறுதியில் எஞ்சியவை பெய்ஜிங், அல்மாட்டி ஆகிய இரண்டே நகரங்கள். பெய்ஜிங் தேர்ந்தது. பனிப்பொழிவு மிகக் குறைந்த வறண்ட மலைகளில் ஏறத்தாழ முழுவதும் செயற்கைப் பனியாலேயே சரிவுகள் மூடப்பட்டன. சோங்ஷான் இயற்கைக் காப்பிடத்தின் எல்லைக்கோடு திருத்தி வரையப்பட்டு, சறுக்குத்தடத்துக்கு இடம் கிடைத்தது. நடுநிலையாகச் சொன்னால், பனித்தளங்களைக் குளிரூட்டப் புவிவெப்பத்தைப் பெருக்கும் வாயுக்களுக்குப் பதில் கரியமில வாயுவைப் பயன்படுத்தியது அங்கே நிகழ்ந்த நல்ல முன்னேற்றம். அரங்கின் குழாய்கள் பசுமையாயின. அரங்கு நின்ற இடத்தைப் பற்றிக் கேள்வி கேட்பாரில்லை.

வானமும் மாறிக்கொண்டிருக்கிறது. 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, புவிவெப்பத்தை உயர்த்தும் வாயுக்கள் இதே போக்கில் வெளியாகுமானால், முன்பு குளிர்கால ஒலிம்பிக் நடத்திய 21 இடங்களில் இந்நூற்றாண்டின் இறுதியில் நம்பிக்கையோடு நடத்தத்தக்கதாக எஞ்சுவது சப்போரோ ஒன்றே.

2024 பெப்ரவரியில் இத்தாலியின் கொர்த்தினா நகரில் ஊசியிலை மரங்கள் சில நூறு வெட்டப்பட்டன. 2026-ஆம் ஆண்டு விளையாட்டுகளுக்கான சறுக்குவண்டித் தடம் அங்கே அமையவிருந்தது. அண்டை நாடுகளில் இருக்கும் தடத்தையே பயன்படுத்திக்கொள்ளலாமே என்று இம்முறை கேட்டது ஒலிம்பிக் குழுதான்! நாட்டின் பெருமை கருதி அரசு இசையவில்லை. எந்திர வாள்கள் ஒலித்தபோது, செல்லோ இசைக்கலைஞர் ஒருவர் அக்காட்டின் நடுவே அமர்ந்து வாசித்தார்.

லில்லெஹாமரின் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. 2016 பெப்ரவரியில் இளையோருக்கான குளிர்கால ஒலிம்பிக் அங்கே நடந்தபோது, 1994-ஆம் ஆண்டின் அரங்குகளே பெரும்பாலும் பயன்பட்டன. யோவிக் குகையில் குறுந்தட விரைவுச் சறுக்கும், ஹாமரின் கப்பல் அரங்கில் நெடுந்தடச் சறுக்கும் நிகழ்ந்தன. ஓகெர்ஸ்விகாவின் கதையோ 1994-உடன் முடியவில்லை. அச்சதுப்பினூடே முன்பிருந்தே ஒரு நெடுஞ்சாலை சென்றது. அதை நான்கு வழிச்சாலையாக அகலப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை பின்னர் எழுந்தது. நெடுநாள் வாதத்துக்குப் பின் சாலை அகலமாயிற்று. காப்பிடத்தின் ஒரு பகுதி அதற்குள் போயிற்று. இழந்ததற்கு ஈடாக வேறு நிலங்கள் காப்பிடத்தோடு சேர்க்கப்பட்டன. அரங்கைத் தள்ளி வைத்தவர்களில் முதியோரும், அவர்களின் பிள்ளைகள் காலத்தவரும் இம்முறை வாதாடியது விளையாட்டுக் குழுவோடு அன்று, நெடுஞ்சாலைத் துறையோடு.